நாணயமும் நாலு சக்கரமும்

தமிழில் 'நாணயம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, சட்டைப்பையில் கிடக்கும் காசு. மற்றொன்று, சொன்ன சொல்லைக் காப்பாற்றும் குணம். "அவர் நாணயமான மனுஷர்" என்றால் அவரிடம் பணம் கொட்டிக் கிடக்கிறது என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பார் என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். 'குரேதி' என்ற சொல் லத்தீன் மொழியில் 'நம்பு' என்னும் வினையிலிருந்து பிறந்தது என்று எங்கள் வாத்தியார் கரும்பலகையில் எழுதிக் காட்டியது இன்னும் நினைவிருக்கிறது. ஆக, அங்கேயும் இங்கேயும் கடனுக்கு வேர் நம்பிக்கைதான்.

இந்தக் கட்டுரை பழைய கார் வாங்கிய குடும்பங்களைப் பற்றியது. அதிலும் கையில் முழுப் பணம் இல்லாமல், பேரிலும் கொஞ்சம் பழுது விழுந்திருந்த சம்பளக்காரக் குடும்பங்களைப் பற்றியது. அவர்களை யார் நம்பினார்கள், என்ன வட்டிக்கு நம்பினார்கள், எந்த வண்டியை அவர்கள் தலையில் கட்டினார்கள் என்பது ஒரு தனி வரலாறு. கார் கம்பெனிகளின் வரலாற்றைப் பலர் எழுதியிருக்கிறார்கள். இதை யாரும் அதிகம் எழுதவில்லை என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் வண்டிகள். உங்களில் பலருக்கு நினைவிருக்கும், அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நம் நாட்டில் குடும்பக் கார் என்றால் மூன்றே மூன்று: கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் செய்த அம்பாசடர், பம்பாயில் செய்த ஃபியட், சென்னைக்கு அருகே செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். நாடு முழுவதுக்குமாகச் சேர்த்து ஆண்டுக்கு 50 ஆயிரம் கார்கூட வெளிவராத காலம் அது. புது வண்டி வேண்டுமென்றால் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் முன்பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். யாருக்கு, எந்த வரிசையில் வண்டி போக வேண்டும் என்பதற்கே 1959-ல் அரசு ஒரு கட்டுப்பாட்டு ஆணை போட்டிருந்தது. அதனால் ஒரு விசித்திரம் நடந்தது. ஒரு வருஷம் ஓடிய ஃபியட், புது ஃபியட்டை விட அதிக விலைக்குப் போயிற்று. இன்று ஷோரூமை விட்டு வெளியே வந்த நிமிஷமே வண்டியின் விலை இறங்குகிறது என்று பேரப்பிள்ளைகள் சொல்கிறார்கள். அப்போது ஏறியது!

பிரெஞ்சில் பழைய காரை 'வுவாத்யூர் தொக்காசியோன்' என்பார்கள். 'ஒக்காசியோன்' என்றால் வாய்ப்பு. பழைய வண்டி என்பது கிடைத்த வாய்ப்பு என்ற அந்தப் பெயர் எழுபதுகளின் புதுச்சேரிக்கு மிகப் பொருத்தம். சொல்தா வீட்டுக்காரர் ஒருவர் பிரான்சுக்குப் புறப்படுகிறார் என்று தெரிந்தால் போதும், அவர் வீட்டு வாசலில் வண்டி கேட்டு நாலு பேர் நிற்பார்கள்.

அடுத்தது பணம். வங்கி நம்மைப் போன்றவர்களுக்குக் கார் கடன் கொடுக்கும் என்று அன்று யாரும் கனவு கூடக் காணவில்லை. 1969 ஜூலையில் 14 வங்கிகளை அரசுடைமை ஆக்கினார்கள். அதன் பிறகும் விவசாயத்துக்கும் சிறு தொழிலுக்கும்தான் முன்னுரிமை. கார் ஆடம்பரக் கணக்கில் இருந்தது. வாகனக் கடன் என்ற தொழிலைத் தென்னாட்டில் வளர்த்தவர்கள் தனியார் நிதி நிறுவனத்தார். டி.எஸ். சந்தானம் 1954-ல் சென்னையில் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கினார். சீட்டுக் கம்பெனியாக 1974-ல் பிறந்த ஸ்ரீராம் குழுமம், 1979-ல் லாரிகளுக்குக் கடன் கொடுக்க ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தியது. ஸ்ரீராம் செய்ததில் ஒரு புதுமை உண்டு. வங்கி வாசலையே மிதிக்காத லாரி ஓட்டுநர்களுக்கு, அதுவும் பழைய லாரி வாங்க, அவர்கள் கடன் கொடுத்தார்கள். எழுத்து மூலமான வரவு செலவு இல்லாதவனும் கடனைத் திருப்பிக் கட்டுவான் என்று ஆர். தியாகராஜன் நம்பினார். அந்த நம்பிக்கை பெரிய தொழிலாக நின்று காட்டியது.

இந்த நிறுவனங்கள் கொடுத்தது 'ஹயர் பர்சேஸ்' முறை. சட்டப்படி வண்டி ஃபைனான்ஸ்காரருடையது. நாம் வாடகை கொடுத்து ஓட்டுகிறோம். கடைசி டியூ கட்டியதும் நமதாகிறது. இடையில் டியூ தவறினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். இதை முறைப்படுத்த 1972-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அரசு குமாஸ்தாவாக இருந்த எனக்கே ஆச்சரியம் தரும் சட்டம் அது. நிறைவேறியது, ஆனால் நடைமுறைக்கு வரவே இல்லை. 33 வருஷம் அலமாரியில் தூங்கிவிட்டு 2005-ல் ரத்தாகிப் போயிற்று. அந்த 33 வருஷமும் டியூ கட்டியவர்கள் ஒப்பந்தத்தில் இருந்த பொடி எழுத்துக்களின் தயவில்தான் வாழ்ந்தார்கள்.

நிறுவனங்களும் கைவிட்டால் மிஞ்சியது தெருவோர ஃபைனான்ஸ்காரர். 'மூணு வட்டி' என்று அவர் சாதாரணமாகச் சொல்வார். மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று. அதாவது வருஷத்துக்கு 36. 30 ஆயிரம் வாங்கினால் மாதம் 900 ரூபாய் வட்டி மட்டும் போகும். இரண்டே முக்கால் வருஷத்தில் வட்டியே 30 ஆயிரத்தைத் தொட்டுவிடும், அசல் அப்படியே உட்கார்ந்திருக்கும். அவர் ஆர்.சி. புத்தகத்தையும், பெயர் மாற்றத்துக்கான வெற்றுப் படிவங்களில் கையெழுத்தையும் முதல் நாளே வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்வார். அந்தக் கையெழுத்து இருந்தால் நாளைக்கே வண்டியை வேறொருவர் பெயருக்கு மாற்றிவிடலாம்.

இதில் என் மேசைக்கும் ஒரு பங்கு இருந்தது. பல வருஷம் நான் சம்பளப் பட்டியல் எழுதும் பிரிவில் இருந்தேன். இன்று எல்லோரும் 'சிபில் ஸ்கோர்' என்கிறார்களே, அந்தக் காலத்து சிபில் என் மேசையில்தான் இருந்தது. அதற்குப் பெயர் சம்பளச் சான்றிதழ். மொத்தச் சம்பளம் இவ்வளவு, ஜி.பி.எஃப். பிடித்தம் இவ்வளவு, கூட்டுறவுச் சங்கக் கடன் இவ்வளவு, பண்டிகை முன்பணம் இவ்வளவு, கோர்ட் ஜப்தி இருந்தால் அது இவ்வளவு, கைக்கு வருவது இவ்வளவு. கடன் கொடுப்பவர் முதல் வரியைப் பார்க்க மாட்டார். நேரே கடைசி இரண்டு வரிக்குத்தான் கண் போகும். ஒரு மனிதனின் கஷ்டம் முழுவதும் அரைப் பக்கத்தில் தட்டச்சாகி, அதிகாரியின் முத்திரையோடு வெளியே போகும். அரசு கொடுத்த மோட்டார் கார் முன்பணமும் ஒன்று உண்டு. அதற்கு வண்டியை இந்தியக் குடியரசுத் தலைவர் பெயரில் அடமானம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆனால் அடிப்படைச் சம்பளம் உயர்ந்த அதிகாரிகளுக்குத்தான் அது. குமாஸ்தாக்களுக்கு எட்டியது சைக்கிள், அதிகம் போனால் ஸ்கூட்டர்.

எங்கள் அலுவலகத்தில் இருந்த ஒரு நண்பரின் கதையை இங்கே சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். 1980-களின் கடைசியில் கூடப் படித்தவர் ஒருவருக்கு அவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். பிரெஞ்சில் ஜாமீனுக்கு 'கொசியோன்' என்று பெயர். அதே எழுத்துக்களை ஆங்கிலத்தில் படித்தால் 'எச்சரிக்கை' என்று பொருள். கடன் வாங்கியவர் ஊரை விட்டே போய்விட்டார். கோர்ட் உத்தரவு எங்கள் பிரிவுக்கு வந்தது. மாதாமாதம் நண்பரின் சம்பளத்தில் பிடித்தம் போட்டு எழுதியவன் நான். அதன் பிறகு அவர் எந்த இடத்தில் கடன் கேட்டாலும், நான் தட்டச்சு செய்த சான்றிதழே அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

1991-ல் அவருடைய அம்மாவை வாரம் இரண்டு முறை ஜிப்மருக்கு அழைத்துப் போக வேண்டிய நிலை வந்தது. நடக்க முடியாத அம்மாவைப் பேருந்தில் ஏற்ற முடியவில்லை. ஆட்டோவுக்கோ காசு கட்டுப்படியாகவில்லை. வீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வேறு. ஒரு ஃபைனான்ஸ்காரர் பளபளவென்று பெயின்ட் அடித்த அம்பாசடரை அதே மூணு வட்டிக்குக் காட்டினார். "கையில் ஆயிரம் கொடு, சாவியை எடுத்துக்கோ" என்றார். நண்பர் வாங்கவில்லை. "சாவியை நான் எடுத்துக்கிட்டா, அவரு என் வீட்டை எடுத்துக்குவாரு" என்று என்னிடம் சொன்னார்.

அவர் போனது முத்தியால்பேட்டையில் சீட்டு நடத்திய ஒரு மளிகைக் கடைக்காரரிடம். மாதம் 500 ரூபாய், 40 பேர், 40 மாதம், 20 ஆயிரம் ரூபாய்ச் சீட்டு. கோர்ட் பிடித்தம் இருப்பதை நண்பரே சொல்லிவிட்டார். கடைக்காரர் சொன்ன பதிலை அவர் பிற்பாடு பல முறை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். "வாங்கினது நீ இல்ல, ஆனா கட்டறது நீ. இதுக்கு மேல எனக்கு என்ன ஜாமீன் வேணும் தம்பி?" பத்தாவது மாதம் 4 ஆயிரம் தள்ளி ஏலம் எடுத்தார். கமிஷன் ஆயிரம் போகக் கைக்கு 15 ஆயிரம் வந்தது. பழைய ஸ்கூட்டரை விற்றதும் தம்பி கொடுத்ததுமாக இன்னும் 9 ஆயிரம் சேர்ந்தது. 24 ஆயிரத்துக்கு 1974 மாடல் ஃபியட்.

அந்த வண்டியை அவர் தேர்ந்தெடுத்த விதம்தான் எனக்குப் பாடம். விலை படிவதற்கு முன்பே தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போனார். இரவெல்லாம் நின்ற வண்டியை விடியற்காலையில் ஸ்டார்ட் செய்யச் சொன்னார், சூடான இன்ஜின் பொய் சொல்லும் என்பதால். புகை நீலமாக வருகிறதா என்று பார்த்தார்; நீலம் வந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது என்று பொருள். கால் மிதிக்கும் பாயைத் தூக்கித் தரைத் தகட்டைத் தட்டிப் பார்த்தார். நம் ஊர்க் கடற்காற்று வெளிப் பெயின்ட்டை விட்டுவிட்டு முதலில் அடித்தகட்டைத்தான் தின்னும். சேசிஸ் எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டார். அப்போதுதான் அதில் ஒரு பழைய ஃபைனான்ஸ் பதிவு நீக்கப்படாமல் இருந்தது தெரிந்தது. விற்பவர், "அதெல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சு" என்றார். "முடிஞ்சதுன்னு அவங்க எழுதிக் கொடுக்கட்டும், நான் காத்திருக்கேன்" என்று இவர் இரண்டு வாரம் காத்திருந்தார். பதிவு நீங்கிய பிறகுதான் பணம் கைமாறியது. அந்த ஃபியட் அவர் வீட்டில் 12 வருஷம் இருந்தது. அவருடைய அம்மா கடைசி வரை அதில்தான் கோரிமேட்டுக்குப் போய் வந்தார்.

இதற்குள் உலகம் மாறிவிட்டது. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். விலை ஏறத்தாழ 50 ஆயிரம் ரூபாய். 796 சி.சி. இன்ஜின் கொண்ட அந்தச் சின்ன வண்டி, பழைய கார்ச் சந்தையையும் புரட்டிப் போட்டது. முதல் சொந்தக்காரர் நாலு வருஷம் ஓட்டிவிட்டுக் கொடுத்த மாருதியை வாங்கித்தான் எத்தனையோ வாத்தியார்களும் நர்சுகளும் முதல் முறையாகக் கார்க்காரர்கள் ஆனார்கள். 1991-க்குப் பிறகு புதுப் புது கம்பெனிகள் வந்தன. வங்கிகள் கார் கடனுக்கு நம்மைத் தேடி வந்தன. 2001-ல் மாருதியே பழைய வண்டி விற்கக் கடை திறந்தது. காத்திருக்கும் காலம் போயிற்று. தவணைக் காலம் வந்தது.

வங்கி ஊரார் எல்லோரையும் தேடிப் போனால், யாரை நம்புவது என்று அதற்கு எப்படித் தெரியும்? மளிகைக் கடைக்காரருக்குத் தெரிந்த அளவு அதற்குத் தெரியாது. அந்தக் குறையை நிரப்பத்தான் 2000-ல் சிபில் நிறுவனம் பிறந்தது. 2005-ல் அதற்கென்று சட்டம் வந்தது. யார் எங்கே கடன் வாங்கினார், எந்த மாதம் டியூ தவறினார், யாருக்கு ஜாமீன் போட்டார் என்பதெல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து, 300 முதல் 900 வரை ஒரு எண்ணாக நிற்கிறது. 750-க்கு மேல் இருந்தால் மேலாளர் சிரிக்கிறார்.

என் வயதுக்காரர்கள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுவதுண்டு. "அந்தக் காலத்துல முகத்தைப் பார்த்துக் கொடுத்தாங்க, இப்ப எண்ணைப் பார்க்கறாங்க" என்று. பாதி உண்மைதான். மறு பாதியையும் சொல்ல வேண்டும். முகத்தைப் பார்த்தவர்கள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு, எந்தச் சாதி என்றும் பார்த்தார்கள். பிரான்சிலிருந்து ஓய்வூதியம் வரும் வீட்டுக்குக் கேட்காமலே கடன் கிடைத்தது. கூலி வேலை செய்பவர் காசைக் கையில் வைத்திருந்தாலும் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. கணவரை இழந்து கருணை அடிப்படையில் வேலைக்கு வந்த பெண்களுக்கு நான் எத்தனையோ சம்பளச் சான்றிதழ் எழுதியிருக்கிறேன். பிடித்தம் இல்லாத சுத்தமான சான்றிதழ். இருந்தும், "வீட்டில் ஆம்பளை யாராவது கையெழுத்துப் போடுவாங்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. அந்த எண்ணுக்குச் சாதி தெரியாது, தாலி இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. அது ஒரு முன்னேற்றம்தான்.

ஆனால் என் நண்பர் இன்று கடன் கேட்டால் அந்த எண் என்ன சொல்லும்? ஜாமீன் போட்ட கடன் நின்றுபோனால், போட்டவர் பெயரிலும் கறை விழும். ஊரான் கடனைத் தன் சம்பளத்திலிருந்து கட்டி முடித்தவன் என்ற பெருமை அதில் ஏறாது. டியூ தவறியது மட்டும் அதற்குத் தெரியும். ஏன் தவறியது என்று தெரியாது. சிபில் மருத்துவச் செலவையும் ஊதாரித்தனத்தையும் ஒரே பேனாவால் எழுதுகிறது. மளிகைக் கடைக்காரருக்குத் தெரிந்த வித்தியாசம் அது.

நம் பிள்ளைகளிலும் பேரர்களிலும் பெயரில் இப்படிக் கறை விழுந்தவர்கள் இருக்கிறார்கள். வேலை போனவர்கள், கொரோனா காலத்தில் கடையை மூடியவர்கள். குடும்பத்துக்கு ஒரு பழைய கார் வேண்டும் என்று அவர்கள் கேட்டால், இந்த ஐம்பது வருஷக் கதையிலிருந்து சிலவற்றைச் சொல்வேன்.

வண்டியைப் பார்ப்பதற்கு முன் தன் அறிக்கையைப் பார்க்க வேண்டும். 2017 முதல் வருஷத்துக்கு ஒரு முறை அதை இலவசமாகப் பெறலாம். அடைத்த கடன் அடையாததாக இருந்தால் எழுதிக் கொடுத்துத் திருத்தலாம்; 30 நாளுக்குள் தீர்த்து வைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பேரம் பேசிக் குறைத்துக் கட்டிய கடன், முழுதாகக் கட்டி முடித்த கடனாக அங்கே பதிவாவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

வட்டியைக் கேட்கும்போது 'ஃப்ளாட்டா' என்று கேட்க வேண்டும். 2 லட்சத்துக்கு 12 சதவீதம் ஃப்ளாட் என்றால், நாலு வருஷத்துக்கு வட்டி 96 ஆயிரம், மாதத் தவணை சுமார் 6,167 ரூபாய். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் கணக்கில் பார்த்தால் அது ஏறக்குறைய 21 சதவீதம்! 12 என்று காதில் விழுந்து 21 என்று பையிலிருந்து போகும். மூணு வட்டிக்காரராவது உண்மையான எண்ணைச் சொன்னார்.

தவணை எவ்வளவு கட்ட முடியும் என்று பார்த்து வண்டியைத் தேடக்கூடாது. தவணை, பெட்ரோல், இன்ஷூரன்ஸ், வருஷத்துக்கு ஒரு பெரிய ரிப்பேர், இத்தனையும் போக வீட்டில் அரிசி மிஞ்சுமா என்று பார்க்க வேண்டும். யானை வாங்குவது பெரிதல்ல. தீனி போடுவதுதான் பெரிது. பெரிய வண்டியைக் கடனில் வாங்குவதை விட, கடன் பாதியாகும் சின்ன வண்டி மேல். உள்ளூர் மெக்கானிக்குக்குப் பழகிய, சாமான் எங்கும் கிடைக்கும் வண்டியாக இருக்கட்டும். விரலுக்கேத்த வீக்கம்.

ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பதிவு நீங்காத வண்டிக்கு முன்பணம் கொடுக்கக்கூடாது. 15 வருஷம் முடியப்போகும் வண்டி என்றால் பதிவைப் புதுப்பிக்கும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2011 கடைசியில் தானே புயலும், 2015 டிசம்பரில் சென்னை வெள்ளமும் வந்த பிறகு, தண்ணீரில் நின்ற வண்டிகள் பல கைமாறின. இன்று ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அதுதான் நடக்கிறது. பாயைத் தூக்கி முகர்ந்து பார்க்க மூக்கு ஒன்று போதும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து மட்டும் எந்த அவசரத்திலும் வேண்டாம். தவணை தவறியவனிடமிருந்து அடியாள் வைத்து வண்டியைப் பறிக்கக்கூடாது என்று 2007-ல் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. ஆனால் நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள் கையில் இருந்தால் அவனுக்கு அடியாள் எதற்கு?

பிரெஞ்சில் ஒரு பழமொழி உண்டு: 'கி பே சே தெத் சான்ரிஷி'. தன் கடனை அடைப்பவன் செல்வனாகிறான் என்று பொருள். பள்ளியில் படித்தபோது, கையிலிருந்த பணத்தைக் கொடுத்துவிட்டு எப்படிச் செல்வனாவது என்று எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. தன்னுடையது அல்லாத கடனையும் கட்டி முடித்துவிட்டு, 24 ஆயிரம் ரூபாய் ஃபியட்டில் அம்மாவை உட்கார வைத்துப் போன அந்த நண்பரை முத்தியால்பேட்டைக் கடைத்தெருவில் எல்லோரும் எழுந்து நின்று விசாரிப்பார்கள். பழமொழிக்கு அர்த்தம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் வீட்டுக்கு முதலில் வந்த வண்டி எது, அதற்கு உங்களை நம்பிப் பணம் கொடுத்தவர் யார் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். வண்டி எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்கும். நம்பியவரை மறந்திருக்க மாட்டீர்கள்.